காணொளி ஓடுகிறது, மாணவர் என்ன செய்கிறார்? இணையவழிப் பாடங்களுக்குக் கற்றல் செயல்பாடுகளை வடிவமைக்க ஒரு தொடக்க வழிகாட்டி

ஒரு மணி நேர விரிவுரையைப் பதிவு செய்து தளத்தில் ஏற்றிவிட்டால் இணையவழிப் பாடம் தயார் என்ற நம்பிக்கையோடுதான் ஆசிரியர்களில் பலர் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். காணொளிகள் நன்றாகவே வந்திருந்தன. ஒலி தெளிவு, படங்கள் தெளிவு. மூன்றாவது வாரம் நேரலை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். முதல் வாரக் காணொளியில் இரண்டு முறை விளக்கியிருந்த விஷயம் அது. யாரிடமிருந்தும் பதில் இல்லை. காணொளியைப் பார்த்தீர்களா என்று கேட்டால் பார்த்தோம் என்றார்கள். தளத்தில் பதிவான விவரமும் அதையே சொன்னது. உண்மையாகவே பார்த்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் செய்வதற்கென்று நான்தான் எதையும் கொடுத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பாடத்தைத் திட்டமிடும்போது வரிக்கு வரி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த நிமிடத்தில் மாணவர் என்ன செய்துகொண்டிருப்பார்? நேரடி வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே சமாளித்துவிடலாம். முகங்களைப் பார்த்து, குழப்பத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே ஒரு கணக்கைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லி ஆசிரியர் தன்னை அறியாமலே நிறையச் செயல்பாடுகளை உருவாக்குகிறார். திரைக்கு அந்தப் பக்கம் அது எதுவும் தானாக நடக்காது. எழுதி வைத்தால்தான் நடக்கும்.

எது செயல்பாடு?

கற்றல் செயல்பாடு என்பது, ஒரு குறிப்பிட்ட திறனைப் பெறுவதற்காக மாணவர் செய்யும் வேலை. முதலில், அவர் எதையாவது செய்ய வேண்டும்: கணக்கிட, தேர்ந்தெடுக்க, எழுத, வரைய, ஒப்பிட, வாதிட. அடுத்து, செய்ததற்கு ஒரு தடயம் மிஞ்ச வேண்டும். அது ஒற்றை விடையாகவும் இருக்கலாம், ஒரு பத்தியாகவும் இருக்கலாம், இரண்டு நிமிட ஒலிப்பதிவாகவும் இருக்கலாம். அந்தத் தடயத்துக்கு எங்கிருந்தாவது ஒரு பதிலும் வர வேண்டும். மென்பொருள் சரி, தவறு என்று சொல்லலாம்; சக மாணவர் மறுப்புச் சொல்லலாம்; ஆசிரியர் குறிப்பு எழுதலாம்; மாதிரி விடையோடு மாணவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த அளவுகோலின்படி காணொளி பார்ப்பதும் பிடிஎஃப் படிப்பதும் செயல்பாட்டுக்கான மூலப்பொருள் மட்டுமே. அரிசி வாங்கி வைத்தால் சோறு ஆகாது. உலை வைக்க வேண்டும்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். முழுக்க இணையத்தில் நடப்பது இணையவழிப் பாடம். ஒரு பகுதி நேரில், ஒரு பகுதி இணையத்தில் என்று திட்டமிட்டுப் பிரித்து, இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து நடத்துவது கலப்புப் பாடம். நேரடி வகுப்பை வழக்கம்போல நடத்திவிட்டுக் குறிப்புகளைத் தளத்தில் போட்டு வைப்பது கலப்புக் கற்றல் ஆகாது. அது கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம், அவ்வளவுதான்.

பார்ப்பதும் செய்வதும்

2014-இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் காணொளி அமர்வுகளை ஆராய்ந்தவர்கள், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். இதைப் படித்தவர்கள் பலர் காணொளிகளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். வெட்டுவது நல்லதுதான். ஆனால் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் மாணவருக்கு என்ன வேலை என்பதுதான் அதைவிட முக்கியம். அதற்கு அடுத்த ஆண்டு, ஒரு திறந்தநிலை உளவியல் பாடத்தை ஆராய்ந்த கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் குழு, கூடுதலாகக் காணொளி பார்ப்பதால் கிடைப்பதைவிடக் கூடுதலாகச் செயல்பாடுகளைச் செய்வதால் கிடைக்கும் பயன் ஏறத்தாழ 6 மடங்கு என்று மதிப்பிட்டது.

இதற்கான காரணத்தை நினைவாற்றல் ஆய்வுகள் விளக்குகின்றன. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழு ஒரு பத்தியை இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, நினைவில் இருப்பதையெல்லாம் பார்க்காமல் எழுதியது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 சதவீதத்துக்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மீண்டும் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான். மனத்திலிருந்து தோண்டி எடுக்கும் சிரமமே பதிய வைக்கிறது. பாட நடுவில் வரும் ஒரு சின்ன வினாடி வினாவை மதிப்பெண் போடுவதற்கான கருவியாக மட்டும் பார்க்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அது கற்றலின் ஒரு பகுதி.

நேரடி வகுப்பிலும் இதே கதைதான். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த பகுப்பாய்வில், வெறும் விரிவுரை கேட்டவர்களில் 33.8 சதவீதம் பேர் தேறவில்லை. செயல்பாடுகளோடு படித்தவர்களில் அது 21.8 சதவீதம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், செயல்பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாகச் சாதித்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தானே முட்டி மோதும்போது ஒன்றும் தெரியவில்லையே என்று தோன்றும். ஆகவே முதல் வாரத்திலேயே இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், "சார் பாடமே நடத்துவதில்லை, எங்களையே செய்யச் சொல்கிறார்" என்ற குறை வரும். அந்தக் குறையில் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. காரணம் சொல்லப்படாத சிரமம் யாருக்கும் பிடிக்காது.

முடிவிலிருந்து தொடங்குவது

புதிதாக வடிவமைப்பவர்கள் பொதுவாகக் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். தளத்தில் வாக்கெடுப்பு வசதி இருக்கிறது, அதை எங்கே பயன்படுத்தலாம் என்று தேடுவார்கள். இதைத் திருப்பிப் போட வேண்டும். கல்வி ஆய்வாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல ஒழுங்கைத் தருகிறது: பாடத்தின் முடிவில் மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிக்கப் போகிறோம், அதற்கு எந்தப் பயிற்சி வேண்டும். இந்த மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பது அவர் வாதம்.

கேட்க எளிது, கடைப்பிடிப்பதுதான் சிரமம். "புரிந்துகொள்வார்", "அறிந்துகொள்வார்" என்று இலக்கு எழுதினால் கோடு அங்கேயே அறுந்துவிடும், ஏனென்றால் புரிதலைக் கண்ணால் பார்க்க முடியாது. கணக்கிடுவார், வேறுபடுத்துவார், விமர்சிப்பார், வடிவமைப்பார் என்று பார்க்கக்கூடிய வினைச்சொல்லைப் போடுங்கள். 1956-இல் ப்ளூமின் குழு உருவாக்கி, 2001-இல் திருத்தப்பட்ட கற்றல் இலக்குகளின் வகைப்பாடு இப்படிப்பட்ட சொற்களைத் தேடும்போது கைகொடுக்கும். திருத்திய வடிவில் நினைவுகூர்தலில் தொடங்கிப் படைத்தல்வரை ஆறு படிகள். அதை ஏணிபோல ஒவ்வொரு படியாக ஏறியே தீர வேண்டும் என்று எண்ண வேண்டாம், சொல்வங்கியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வினைச்சொல் கிடைத்துவிட்டால் செயல்பாட்டில் பாதி தானாகவே கிடைத்துவிடும். மாணவர் "விமர்சிக்க" வேண்டும் என்பது இலக்கானால், அவர் எதையாவது விமர்சித்துப் பழக வேண்டும். சரியான விடையைச் சொடுக்கும் கேள்விகளால் விமர்சிக்கும் பழக்கம் வராது.

செயல்பாடுகளில் எத்தனை வகை என்று கேட்பவர்களுக்கு கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர் டயானா லாரிலார்டின் பிரிப்பு போதுமானது: உள்வாங்குதல், தேடி ஆராய்தல், கலந்துரையாடல், பயிற்சி, கூட்டுப்பணி, ஆக்கம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இந்த ஆறையும் ஆறு வண்ண அட்டைகளாக்கி, ஆசிரியர்களை மேசையில் உட்கார வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு முழுப் பாடத்தையும் வாரவாரியாக அடுக்க வைக்கும் பட்டறையை உருவாக்கினார்கள். நீங்கள் வீட்டிலேயே ஆறு நிறத் தாள்களை வைத்து இதைச் செய்யலாம். இப்போது நடத்திக்கொண்டிருக்கும் பாடத்தை அப்படி ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். என் பாடத்தை அடுக்கியபோது மேசையில் ஏறத்தாழ ஒரே நிறம்தான் இருந்தது.

ஒரு பாடத்தைப் பிரித்துப் பார்ப்போம்

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரே ஒரு பாடத்தை எடுத்துக் கடைசிவரை வடிவமைத்துப் பார்க்கலாம். சராசரியும் இடைநிலை அளவும் என்பது தலைப்பு. இலக்கு: ஒரு தரவைப் பார்த்து, எந்த அளவு அதை நியாயமாகக் காட்டும் என்று தேர்ந்தெடுத்து, காரணத்தோடு வாதிடுவார். வாரத்துக்கு ஒரு நேரடி வகுப்பு, மீதி இணையத்தில்.

வழக்கமான வரிசை: வரையறை, சூத்திரம், எடுத்துக்காட்டு, பயிற்சிக் கணக்கு. நான் இதைக் கொஞ்சம் கலைப்பேன். முதலில் ஒரு சிக்கல். ஓர் உதவி மையத்தை அழைத்த ஐந்து பேர் காத்திருந்த நேரம் நிமிடக் கணக்கில் 10, 12, 13, 15, 100. மையம் "எங்கள் சராசரிக் காத்திருப்பு 30 நிமிடம்" என்று அறிவிக்கிறது. மாணவருக்கான கேள்வி: இந்த அறிவிப்பில் பொய் இருக்கிறதா? இரண்டே வாக்கியத்தில் எழுதுங்கள். அவருக்கு இன்னும் இடைநிலை அளவு என்ற சொல்லே தெரியாது. பரவாயில்லை. கூட்டி வகுத்தால் 30 சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஐந்து பேரில் ஒருவர்கூட 30 நிமிடத்துக்குப் பக்கத்தில் காத்திருக்கவில்லை. இந்த உறுத்தல் வந்த பிறகு பார்க்கும் காணொளிக்கு ஒரு வேலை இருக்கும். 5 நிமிடக் காணொளி, நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த ஐந்து எண்களின் இடைநிலை அளவு எது?" என்ற கேள்வி. 13 என்று போடாமல் 12 என்றோ 30 என்றோ போட்டவருக்கு வெறுமனே "தவறு" என்று காட்டக் கூடாது. 30 போட்டவர் இன்னும் சராசரியிலேயே நிற்கிறார். 12 போட்டவர் வரிசையின் நடுவை எண்ணுவதில் ஒரு படி பின்தங்கிவிட்டார். இரண்டு தவறுக்கும் இரண்டு வேறு குறிப்புகள் வேண்டும். பல தளங்களில் இதை அமைத்துவிடலாம், எழுதுவதற்குத்தான் நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுங்கள். தவறான விடைக்கு எழுதும் குறிப்புதான் இணையவழி ஆசிரியர் மாணவரின் பக்கத்தில் உட்காரும் இடம்.

வகுப்புக்கு முந்தைய நாள் அவர்கள் எழுதிய இரட்டை வாக்கியங்களைப் படிப்பேன். எல்லாவற்றையும் திருத்தத் தேவையில்லை. எதிரெதிராக நிற்கும் இரண்டைத் தேர்ந்தெடுத்து, பெயர் போடாமல் திரையில் காட்டி வகுப்பைத் தொடங்குவேன். நேரடி நேரத்தை அவர்கள் ஏற்கெனவே செய்த வேலையோடு இப்படி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இல்லையென்றால் மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் முன்வேலையைச் செய்ய மாட்டார்கள். அதைவிட மோசம், செய்யாமல் வந்தவர்களுக்காகக் காணொளியில் சொன்னதையே வகுப்பில் திரும்பச் சொல்வது. செய்து வந்தவர்களுக்கு அது தண்டனை.

அடுத்து ஒரு வாக்கெடுப்பு: 100 என்பது 200 ஆகிவிட்டால் எது மாறும்? சராசரி மட்டுமா, இடைநிலை அளவு மட்டுமா, இரண்டுமா? தனியாக யோசித்து வாக்களித்த பிறகு, வேறு விடை சொன்ன ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். பேசிவிட்டு மீண்டும் வாக்கு. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இது. முதல் வாக்கில் சரியான விடை மிகக் குறைவாக இருந்தால் பேச்சு வீணாகும், ஏனென்றால் விளக்கிச் சொல்ல ஆளில்லை. ஏறத்தாழ எல்லாரும் சரியென்றால் பேச வேண்டியதே இல்லை. 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்வியில்தான் பேச்சு சூடுபிடிக்கும். நம் கேள்வியில் சராசரி 50 ஆகிறது, இடைநிலை அளவு அசையாமல் 13-இலேயே நிற்கிறது. அது ஏன் அசையவில்லை என்பதை ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்குத் தன் சொற்களில் சொல்லும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இந்த வகுப்பு முழுவதும்.

வகுப்புக்குப் பிறகு ஆக்கம். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்து ஏழு எண்களாவது கொண்ட ஒரு தரவைச் சேகரிக்க வேண்டும்: தூங்கிய நேரம், நடந்த தூரம், ஒரு நாளில் வந்த செய்திகளின் எண்ணிக்கை. இரண்டு அளவுகளையும் கணக்கிட்டு, எதை வெளியிடுவேன், ஏன் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். பிறகு இன்னொருவர் எழுதியதைப் படித்து, "நீங்கள் தேர்ந்தெடுத்த அளவு யாரை, எப்போது தவறாக வழிநடத்தும்?" என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். சொந்தத் தரவைக் கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: விடையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஒட்டிவிடும் ஆசை கொஞ்சம் குறையும். முற்றிலும் போகாது. ஆனால் தன் தூக்கத்தைப் பற்றித் தானே எழுதுவது பலருக்கும் சுவையாகவே இருக்கிறது.

எதை நேரில், எதை இணையத்தில்?

மேலே உள்ள பாடத்தில் விடை இருக்கிறது. அவரவர் வேகத்தில் நடக்க வேண்டியது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது, யோசித்து எழுத வேண்டியது எல்லாம் இணையத்துக்கு. குழப்பம் வெடிக்கும் இடம், உடனே மறுத்துப் பேச வேண்டிய இடம், கையால் செய்து பார்க்கையில் பக்கத்தில் ஆள் வேண்டிய இடம் எல்லாம் நேரில். முழுக்க இணையவழி என்றால் அந்த இரண்டாவது வகைக்கு நேரலை வகுப்பை ஒதுக்குங்கள். நேரலையில் விரிவுரை நடத்திச் செலவழித்துவிடாதீர்கள்.

கலப்பு முறை நேரடி வகுப்பைவிட மேல் என்று 2009-இல் அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட தொகுப்பாய்வை எல்லோரும் காட்டுவார்கள். அது உண்மையே. ஆனால் அந்தப் பாடங்களில் பலவற்றில் மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சிகளும் கிடைத்திருந்தன என்று அதே அறிக்கை எச்சரிக்கிறது. இணையம் என்ற ஊடகத்துக்குத் தனியாக மந்திர சக்தி இல்லை.

"உங்கள் கருத்தைப் பதிவிடுங்கள்"

இணையவழிப் பாடங்களில் அதிகம் வீணாவது கலந்துரையாடல் பகுதி. "இந்த வாரப் பாடம் பற்றி உங்கள் கருத்தைப் பதிவிடுங்கள். இருவருக்கு மறுமொழி எழுதுங்கள்" என்று போடுகிறோம். முதலில் எழுதுபவர் பாடத்தைச் சுருக்கி எழுதுவார். அடுத்த முப்பது பேரும் அதையே வேறு சொற்களில் எழுதுவார்கள். மறுமொழிகளில் "அருமை", "நன்றாகச் சொன்னீர்கள்". இதை வைத்து மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். ஒரே விடை உள்ள கேள்வியில் இரண்டாவதாக வருபவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு பொருள் இருந்தால் பேச்சு தானாக வரும். சமூக உளவியலாளர் எலியட் அரான்சன் 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் பள்ளிகளில் தொடங்கிய புதிர்த்துண்டு முறை இதற்கு நல்ல வழி. பாடத்தை நான்கு துண்டாக்கி, குழுவில் உள்ள நால்வருக்கும் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் கூடிப் பேசித் தெளிவாகி, பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பிப்பார்கள். இணையத்தில் இதற்கு இரண்டு கெடு நாள் வைக்க வேண்டும். நேரில் ஒரு மணி நேரத்தில் முடிவது இங்கே நான்கைந்து நாள் எடுக்கும்.

இன்னொன்று, அறிமுகமே இல்லாதவர்களை முதல் வாரத்திலேயே வாதிடச் சொல்லக் கூடாது. இணையவழிக் கற்பித்தலுக்கு ஆய்வாளர் கில்லி சால்மன் தந்த ஐந்து படி மாதிரியில் உள்நுழைந்து பழகுவதும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதும்தான் முதல் இரண்டு படிகள். தகவல் பரிமாற்றமும் சேர்ந்து அறிவை உருவாக்குவதும் அதற்குப் பின்னால்தான். எனவே முதல் வாரச் செயல்பாடு தவறே செய்ய முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்: ஒரு படம் ஏற்றி, ஒரு வரி எழுதி, ஒருவருக்குக் கேள்வி கேட்பது. இதில் செலவாகும் நாட்களை வீண் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 151 பாடங்களை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், மாணவர்கள் இடையில் நின்றுவிடாமல் தொடர்வதோடு மிக வலுவாகத் தொடர்புபட்டிருந்தது, பாடத்தில் பேசிப் பழகும் செயல்பாடுகளுக்கு ஒதுக்கிய நேரம்தான்.

அறிவுறுத்தலை எழுதுவது

நல்ல செயல்பாடு மோசமான அறிவுறுத்தலால் கெட்டுப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரில் என்றால் ஒரு மாணவர் கையைத் தூக்கிக் கேட்பார், நீங்கள் விளக்குவீர்கள், முப்பது பேருக்கும் தெளிவாகிவிடும். இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவர் யாரைக் கேட்பார்? எதற்காக இதைச் செய்கிறோம் என்று ஒரு வரி, என்ன செய்ய வேண்டும் என்பது வினைச்சொற்களில், எங்கே எந்த வடிவில் எப்போதுக்குள் சமர்ப்பிப்பது, எவ்வளவு நேரம் ஆகும், நன்றாகச் செய்த ஒன்று எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. இவ்வளவும் ஒரு கைப்பேசித் திரையில், அதிகம் உருட்டாமல் படிக்கும் அளவில் இருந்தால் நல்லது.

நேர மதிப்பீட்டில் எல்லோரும் வழுக்குவோம். நமக்கு 10 நிமிடத்தில் முடிவது, புதிதாகச் செய்பவருக்கு அரை மணி நேரத்தைத் தின்னும். பாடத்தைத் திறப்பதற்கு முன், அந்தத் துறை தெரியாத ஒருவரைச் செய்யச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பாருங்கள். அவர் தயங்கி நின்ற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாரத்தின் எல்லா வேலைகளையும் மாணவர் கணக்கில் கூட்டுங்கள். நேரடி வகுப்பு அப்படியே இருக்க, இணைய வேலையும் அதன்மேல் ஏற்றப்பட்டிருந்தால், நீங்கள் ஒரு பாடத்தின் நேரத்தில் ஒன்றரைப் பாடம் கேட்கிறீர்கள்.

காணொளிக்கு வசன வரிகளும், இணைப்பு மெதுவாக உள்ளவர்களுக்கு எழுத்து வடிவமும் கட்டாயம். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது நடப்பதில்லை.

பின்னூட்டத்தில் ஆசிரியரின் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். அறுபது பேருக்கு வாராவாரம் ஒரு பக்கம் எழுத யாராலும் முடியாது. சின்ன வேலைகளுக்கு உடனடியாக மென்பொருளின் குறிப்பு, நடுத்தர வேலைகளுக்குச் சக மாணவர்களின் மறுமொழி, பிறகு பொதுவாகக் கண்ட மூன்று தவறுகளை விளக்கி எல்லோருக்கும் ஓர் ஒலிப்பதிவு. உங்கள் கைப்பட எழுதும் குறிப்பைப் பெரிய வேலைகளுக்கு, அதுவும் மாணவர் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வாய்ப்பு இருக்கும் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து மதிப்பெண்ணோடு வரும் நீண்ட குறிப்பைப் படிப்பவர்கள் மிகக் குறைவு.

முழுப் பாடத்தையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். போன முறை மாணவர்கள் அதிகம் தடுமாறிய ஒரு வாரத்தை மட்டும் எடுத்து, அந்த இலக்கின் வினைச்சொல்லை எழுதி, முன்னால் ஒரு சிக்கலையும் நடுவில் ஒரு கேள்வியையும் பின்னால் ஓர் ஆக்கத்தையும் வைத்து நடத்திப் பாருங்கள். முடிந்ததும் மாணவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த வேலை உண்மையில் உதவியது, எதைச் செய்யும்போது இது எதற்கு என்று தோன்றியது? இரண்டாவது கேள்விக்கு ஒரே பெயர் பத்து முறை வந்தால் அந்தச் செயல்பாட்டை எடுத்துவிடுங்கள், எவ்வளவு ஆசையோடு செய்திருந்தாலும்.